கடப்பாரை பிடித்த மேட்

மேட் ஆன நாளிலிருந்து இருளாண்டிக்குத் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுப்பதென்றாலே பயம். வண்டி வந்துவிடும் என்ற பயமில்லை. வண்டி வருகிற நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். படுத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தண்டவாளத்தின் விளிம்போடு பார்த்தால், அது எந்த இடத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மேட்டுக்குத் தெரிய வேண்டும். இருளாண்டிக்குத் தண்டவாளம் தெரிந்தது. அதற்கு அப்பால் இரண்டு வெள்ளாடும் ஒரு பனைமரமும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகிற ரயில் பாதை போட்டு அப்போது ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. பாதை போடும்போது மண் சுமக்கப் போன விவசாயக் கூலிகளில் பலர் அப்படியே ரயில்வேயில் ஒட்டிக்கொண்டார்கள். பத்துப் பேர் சேர்ந்தது ஒரு கேங். குறிப்பிட்ட தூரத்துப் பாதையைச் சரியாக வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. அந்தப் பத்துப் பேரில் தலைவர்தான் மேட். வானத்தைப் பார்த்துக் கம்பு விதைத்துப் பழகியவர்களுக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சம்பளம் வருகிற வேலை என்றால் சும்மாவா. மேட் என்றால் ஊரில் பெண் கொடுக்க வருகிறவர்கள் கூட இரண்டு வார்த்தை யோசனை கேட்டுவிட்டுப் போவார்கள்.

தண்டவாளத்தை நேராக்குகிற வேலை இப்படி நடக்கும். மேட் இருபதடி தள்ளிப் படுத்துக் கண் வைப்பார். கேங் ஆட்கள் கடப்பாரைகளைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து நிற்பார்கள். முதல் கடப்பாரைக்காரன் குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே மூச்சில் நெம்புவார்கள். கட்டைகளோடு சேர்ந்து தண்டவாளம் ஒரு நூல், இரண்டு நூல் நகரும். எட்டு நூல் சேர்ந்தால்தான் ஒரு அங்குலம். மேட் “போதும்” என்றதும் நிறுத்திவிட வேண்டும். மேட் கடப்பாரையைத் தொடுவதில்லை. தொட்டால் அது கேங்குக்கே கேவலம் என்று ஒரு நினைப்பு.

ஆறு வருஷம் இருளாண்டி முதல் கடப்பாரையில் நின்றவன். அப்போது மேட்டாக இருந்தவர் சண்முகவேல். பெரிய உருவம், கனைத்தால் நாலு வயலுக்குக் கேட்கும். அவர் “போதும்” என்று சொல்கிற நேரமும், போதும் என்று இருளாண்டியின் கைக்குத் தோன்றுகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். ‘நமக்குக் கையில் படுவது அவுகளுக்கு அவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறதே, எப்பேர்ப்பட்ட கண்’ என்று ஆறு வருஷமும் வாயைப் பிளந்தவன் அவன்.

ஐப்பசியில் சண்முகவேல் ஓய்வுபெற்றபோது, அடுத்த மேட் யார் என்று ரயில் பாதை இன்ஸ்பெக்டர் கேட்டார். “இருளாண்டி” என்று சண்முகவேல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஏன் சொன்னார் என்று இருளாண்டி யோசித்து யோசித்துப் பார்த்தான். வீட்டிலிருந்து மனைவி வெள்ளைத்தாய் கொடுத்துவிடுகிற கருவாட்டுக் குழம்பில் பாதியைத் தினமும் அவருக்குக் கொடுத்தது ஒன்றுதான் காரணமாகத் தெரிந்தது. ஒரு கேங்கையே குழம்புக்கு வாங்கிவிட்டோம் என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் சண்முகவேலைப் பார்த்து நடிப்பதுதான். அவரைப் போலவே துண்டைத் தலையில் சுற்றினான். அவரைப் போலவே கனைத்துவிட்டுப் படுத்தான். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு “ரெண்டு நூல் மேக்க” என்றான். எப்போது “போதும்” என்பது என்று தெரியாமல், சாமி விட்ட வழி என்று ஒரு “போதும்” போட்டான். இன்ஸ்பெக்டர் ஏதாவது கேட்டால், “நீங்க பாத்துச் சொன்னாச் சரி சார்” என்று நழுவினான்.

“பழைய மேட்டு போகையில கனைப்பையும் சேத்து ஒப்படைச்சுட்டாக போல,” என்பான் சோலைச்சாமி. இருளாண்டியோடு ஒன்றாக மண் சுமந்தவன். இப்போது முதல் கடப்பாரை அவனிடம்தான். நேற்றுவரை ஏலே போட்டுப் பேசியவன், இன்று கேலிக்கென்றே “மேட்டய்யா” என்பான். ஒவ்வொரு தடவையும் இருளாண்டிக்குச் சுருக்கென்றிருக்கும்.

எப்படியோ மூன்று மாதம் ஓடியது. நேர்ப்பாதைகளெல்லாம் பெரிய மனசு பண்ணி அவனைக் காட்டிக்கொடுக்காமல் கிடந்தன. மாட்டிவிட்டது ஒரு வளைவு. திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அது. கரிசல் மண்ணைப் பற்றி அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், மேலே எதை வைத்தாலும் ஒரு இடத்தில் இருக்க விடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் வளைவு வெளியே பிதுங்கிவிட்டது. பத்து மைல் வேகத்துக்கு மேல் வண்டி போகக் கூடாது என்று அங்கே பலகை நட்டுவிட்டார்கள். இருளாண்டி நாலு தடவை படுத்து எழுந்து கேங்கை நெம்ப வைத்தான். நாலு தடவையும் இரண்டே நாளில் வளைவு பழையபடி போய் நின்றது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வெங்கடரமணன் டிராலியில் வந்து இறங்கினார். அருப்புக்கோட்டை நெசவுக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அதிர்ந்து பேச மாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் பயம். வளைவில் கயிறு பிடித்து அளந்தார். தண்டவாளம் விலகியிருக்கிற நூல்களை மட்டும் வீட்டில் பேசுகிற தெலுங்கில் “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று எண்ணுவார். அன்றைக்கு எண்ணிக்கை எட்டுக்கு மேலே போனது.

“வெள்ளிக்கிழமை காலையில மறுபடி வருவேன். அன்னைக்கும் இப்படித்தான் இருந்தா, மானாமதுரைப் பக்கத்துல இருந்து வேற மேட்டைக் கொண்டாந்துதான் செய்யணும்,” என்றார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட இருளாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று ராச்சாப்பாட்டின்போதே அவன் முடிவு செய்துவிட்டான். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்ததும் மேட் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முதல் கடப்பாரைக்குப் போய்விடுவது. அவராக இறக்குவதற்குள் தானாக இறங்குவது மரியாதை. இதை வெள்ளைத்தாயிடம் சொல்ல வாயெடுத்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம எங்க அண்ணன் பொண்டாட்டியும் நானும் நரிக்குடிக்குக் காதுகுத்துக்குப் போறோம். பஸ்ஸு வேண்டாம், ரயில்லயே போவம்னுட்டேன். அந்த வளைவுல வண்டி ஊந்துக்கிட்டுத்தான போகும்? அங்க நீங்க நிப்பீகல்ல? ஜக்கம்மா மதினிக்கு உங்களக் காட்டணும். இவரு மேட்டாமேன்னு ஒரு மாதிரியா இழுக்குறா.”

இருளாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் மேட்டாக இருக்கிற கடைசி நாளைத்தான் ஜக்கம்மாள் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

புதனும் வீணாகப் போனது. வியாழக்கிழமை காலை கேங் வளைவுக்குப் போய்க் கடப்பாரைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, தண்டவாளத்து ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரிய உருவம் வந்தது. சண்முகவேல். மதுரையில் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்துவிட்டு வந்திருந்தார். மூக்கின் மேல் சோடா பாட்டில் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி. அதற்குள் கண் இரண்டும் கோழிமுட்டையாகத் தெரிந்தன.

“எல்லாரையும் ஒருக்கப் பாத்துட்டுப் போவம்னு வந்தேன்,” என்றார். பார்க்கத்தான் செய்தார். ஒவ்வொருவர் முகத்தையும் கிட்டே போய் நின்று பார்த்தார். “சோலைச்சாமி, ஒனக்கு இம்புட்டு அம்மைத் தழும்பா?” என்றார்.

இருளாண்டிக்கு உயிர் வந்தது. அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். “அண்ணே, சாமியா அனுப்பிச்ச மாதிரி வந்தீக. இந்த வளைவு என்னய ஏய்க்குது. ஒரே ஒரு தடவ நீங்க படுத்துப் பாத்து, எங்க எத்தன நூலுன்னு சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டரு வாராக.”

சண்முகவேல் குடையை மடக்கினார். அந்தக் கனைப்பைக் கனைத்தார். படுத்தார். கண்ணாடி தண்டவாளத்தில் இடித்தது. அதைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏப்பா இருளாண்டி, தண்டவாளம் இப்படியா இருக்கும்?”

“முன்னாடி எப்படி இருந்துச்சுண்ணே?”

“முன்னாடி எனக்குத் தெரியாதுல்ல.”

இருளாண்டிக்கு விளங்கவில்லை. சண்முகவேல் எழுந்து, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். கேங் ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தூரத்தில்தான் இருந்தார்கள்.

“ஆறு வருசமா எனக்கு எல்லாம் பொகை மூட்டந்தான். வெளிய சொன்னா வேலை போயிரும். வாய மூடிக்கிட்டேன். நீ யாருகிட்டயும் சொல்லிறாத.”

“அப்ப போதும் போதும்னு எதப் பாத்துச் சொன்னீக?”

“பாத்து எங்க சொன்னேன். கேட்டுச் சொன்னேன். சரியா வந்துருச்சுன்னா நீ கடப்பாரையத் தளத்தி உஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடுவ. சும்மா இல்ல, காத்தடிக்கிற மாதிரி விடுவ. அது காதுல விழுந்ததும் நான் போதும்பேன். அதுக்குத்தான் மேட்டு வேலைய ஒனக்குக் குடுக்கச் சொன்னேன். ஆறு வருசமா மேட்டு வேல பாத்தது நீதான். சம்பளம் மட்டுந்தான் நான் வாங்குனேன்.”

இருளாண்டிக்கு முதலில் வந்தது கோபம். மூன்று மாதமாக ராத்தூக்கம் இல்லாமல் இந்த மனிதரையா பார்த்து நடித்தோம் என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இவன் மூச்சு விட அவர் போதும் என்பார். அவர் போதும் என்றதும் இவன் அவருடைய கண்ணை மெச்சுவான். ஆறு வருஷமும் அந்தத் தண்டவாளத்தை யாருமே பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் சுருக்கென்று ஒன்று உறைத்தது. இந்த மூன்று மாதமாக முதல் கடப்பாரையில் அவன் இல்லை. இருபதடி தள்ளிப் படுத்துக் கிடந்தான். அப்புறம் வளைவு எப்படி நிற்கும்?

அவன் நேரே கேங்குக்குப் போனான். “சோலைச்சாமி, கடப்பாரையக் குடு.”

“எதுக்கு?”

“முதல் கடப்பாரைக்கு நான் நிக்கிறேன். நீ ரெண்டாவது நில்லு.”

சோலைச்சாமி கடப்பாரையைக் கொடுக்கவில்லை. கேலியெல்லாம் போய் முகம் இறுகிவிட்டது. “மேட்டு கடப்பாரையப் பிடிச்சா நாங்க என்னத்துக்கு இருக்கோம்? ரோட்டுல போறவன் பாத்தா எங்களைத்தான் காறித் துப்புவான். நீ போய்ப் படுத்துப் பாரு. அதான் ஒன் வேல.”

“படுத்தா எனக்கு ஒண்ணும் தெரியலப்பா,” என்றான் இருளாண்டி. ஒன்பது பேருக்கு முன்னால் சொன்னான். சொல்லும்போது காது மடல் சுட்டது. “மூணு மாசமா சும்மாதான் ரெண்டு நூலு மூணு நூலுன்னேன். எனக்குக் கண்ணுல தெரியாது. கடப்பாரைய ஊண்டுனா மண்ணு எப்படி இருக்கு, தள்ளுனது நிக்குமா திரும்பி வருமான்னு கையில தெரியும். ஆறு வருசமா அதுதான் தெரியும்.”

சோலைச்சாமி கடப்பாரையைத் தரையில் ஊன்றினான்.

“கண்ணுல தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியுமே,” என்றான் சோலைச்சாமி. “படுத்ததும் ரெண்டு கண்ணையும்ல மூடிக்கிடுற. அசந்து தூங்குறன்னு நெனச்சோம்.”

ஒன்பது பேரும் சிரித்தார்கள். இருளாண்டி நின்றுகொண்டே இருந்தான். மூன்று மாதம் அவன் எதைப் பொத்திப் பொத்தி வைத்தானோ அது கேங்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் ஒருவனும் போய் இன்ஸ்பெக்டரிடம் போட்டுக்கொடுக்கவில்லை. அதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சோலைச்சாமி கடப்பாரையை நீட்டினான்.

வளைவின் தலைப்பில் இருளாண்டி கடப்பாரையை இறக்கினான். சல்லிக்கு அடியில், மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே கரிசல் இன்னும் ஈரமாக இருப்பது கைக்குத் தெரிந்தது. ஈரக் கரிசல் தள்ளினதில் கால்வாசியைத் திருப்பி இழுத்துக்கொள்ளும். கம்பங்காட்டில் ஏர் பிடித்த கைக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டுமா. நாலு தடவையும் எங்கே கோட்டை விட்டோம் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

“இங்க ஒரு நூலு கூடத் தள்ளணும். திரும்பி வந்து சரியான எடத்துல நிக்கும். சல்லிய ஓரத்துல நல்லா இறுக்குங்க. சோலைச்சாமி, அந்தப் பக்கத்துத் தண்ணி ஓடற வாய்க்கால் மூடிக்கெடக்கு பாரு, ரெண்டு பேரை விட்டு வெட்டச் சொல்லு. தண்ணி தேங்குனா எம்புட்டுத் தள்ளுனாலும் வீண்.”

அவ்வளவு நீளமாக அவன் ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை. போட்டுவிட்டு, யாராவது மறுத்துப் பேசுகிறார்களா என்று ஒரு நொடி காத்திருந்தான். இரண்டு பேர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார்கள். இருளாண்டி குரல் கொடுத்தான், கேங் நெம்பியது. சரியானதும் அவனையறியாமல் உஸ்ஸென்று மூச்சு வந்தது. இந்தத் தடவை “போதும்” என்பதையும் அவனே சொன்னான். சண்முகவேல் வேலிக்கருவேல நிழலில் குந்தி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வேடிக்கை பார்த்தார். பொழுது சாயும்போது வளைவு முழுவதும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வெங்கடரமணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். வரும்போதே மேட்டின் கையில் கடப்பாரை இருப்பதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். ஒன்றும் கேட்காமல் கயிறு பிடித்தார். “ஒகட்டி” என்றார். கொஞ்சம் நகர்ந்து இன்னொரு இடத்தில் பிடித்தார். மறுபடி “ஒகட்டி.” வளைவு முழுக்க அளந்தும் இரண்டுக்கு மேல் எண்ண வேண்டிய வேலையே வரவில்லை.

“கண் வெச்சது யாரு?”

“யாரும் வைக்கல சார். நான் கடப்பாரை பிடிச்சுப் பாத்துச் செஞ்சேன். எனக்குக் கண்ணுல தெரியாது சார், கையிலதான் தெரியும்.”

“மேட் தள்ளி நின்னு பாக்கணும்னுதான் வழக்கம்.”

“ஆமா சார்.”

வெங்கடரமணன் கயிற்றைச் சுற்றிப் பையில் வைத்தார். “அளவு சரியா இருக்கு. ஆனா நாலு தடவை தள்ளியும் ரெண்டு நாள்ல பழையபடி போயிருக்கு. இப்பப் பலகையை எடுத்தா, பதினொரு மணி பாசஞ்சரே முழு வேகத்துல வரும். நிக்குமா? மேட் நீதானே, நீ சொல்லு.”

‘நீங்க பாத்துச் சொன்னாச் சரி சார்’ என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. மூன்று மாதமாக எத்தனையோ தடவை அவனைக் காப்பாற்றிய வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் வெங்கடரமணன் இன்னும் ஒரு வாரம் பலகை இருக்கட்டும் என்று போயிருப்பார். யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பாசஞ்சரில்தான் வெள்ளைத்தாய் வருகிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது. வண்டி நிறைய ஆள் வரும். கை தப்பாகச் சொல்லியிருந்தால்? அவன் தன் கையைப் பார்த்தான். காய்ப்புக் காய்ச்சிய பழைய கைதான், புதிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“நிக்கும் சார். பலகைய எடுத்துரலாம்,” என்றான். பிறகு, கேட்காமலே, “ஆனா அடுத்த ஐப்பசிக்கு மறுபடி நகரும். கரிசல் அப்படித்தான். அப்பவும் நாங்களே வந்து தள்ளிக்கிடுவோம். வேற கேங்கு வேண்டாம் சார்,” என்றான்.

வெங்கடரமணன் பையைத் தோளில் மாட்டினார். “எடுங்க,” என்று பலகையைக் காட்டிவிட்டு, தகவல் எழுதிக் கொடுக்க டிராலியைத் திருச்சுழி ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொன்னார்.

பதினொரு மணிக்குப் பாசஞ்சர் வந்தது. எப்போதும் வளைவுக்கு முன்னாலேயே பெருமூச்சு விட்டு நகர்கிற வண்டி, அன்று புகையைக் கக்கிக்கொண்டு ஒரே பிடியாக வந்தது. இருளாண்டி பச்சைக் கொடியைப் பிடித்து நின்றான். எஞ்சின் வளைவில் ஏறும்போது அவன் கண் சன்னல்கள் பக்கம் போகவில்லை, சல்லியிலேயே இருந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது. கடைசிப் பெட்டியும் கடந்து நரிக்குடிப் பக்கம் சிறுத்துப் போனது. தண்டவாளம் இருந்த இடத்தில் இருந்தது. சோலைச்சாமி ஓடிப்போய்ச் சல்லியைக் குனிந்து பார்த்தான். “ஒரு கல்லு அசையல மேட்டு,” என்றான். அதில் கேலி இல்லை.

சாயங்காலம் வெள்ளைத்தாய் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தாள்.

“நீங்கள்லாம் ஒரு மேட்டா? அந்த வளைவுல வண்டி ஊந்து போகும், காட்டுறேன் பாருன்னு திருச்சுழியில இருந்து மதினிகிட்டச் சொல்லிக்கிட்டே வாரேன். சன்னலோரத்துச் சீட்டுக்கு ஒரு அம்மாகிட்டச் சண்ட வேற போட்டேன். அந்த வளைவு எப்ப வந்துச்சு எப்பப் போச்சுன்னே தெரியல. வண்டி பறக்குது. நாளும் பொழுதும் மெதுவாப் போற வண்டிக்கு இன்னைக்குன்னு பாத்து என்ன அவசரம்?”

“ஆட்டம் இருந்துச்சா?” என்று கேட்டான் இருளாண்டி.

“ஆட்டமா? மதினி காதுகுத்துப் பந்திக்குன்னு மடியில ரசவாளி வச்சிருந்தா. ஒரு சொட்டுச் சிந்தல. அதயா கேக்குறேன் நான்? ஒரு பச்சக் கொடிதான் கண்ணுல பட்டுச்சு. இதுதான் ஒங்க வீட்டுக்காரரா, இல்ல வேற யாராச்சுமான்னு நக்கலாக் கேக்குறா. எனக்கு மானமே போச்சு.”

ரசவாளியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இருளாண்டி அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து கைகொடுத்திருந்தாலும் அவனுக்கு அப்படி நிறைந்திருக்காது.

“கொடி பிடிச்சது நான்தான்னு போய்ச் சொல்லிட்டு வா,” என்றான்.

“எங்க?”

“ஜக்கம்மா வீட்டுல.”

“இப்பத்தான ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். நான் போக மாட்டேன்,” என்று வெள்ளைத்தாய் அடுப்படிக்குள் போனாள்.

இருளாண்டி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, அவனே ஜக்கம்மாள் வீட்டுக்குக் கிளம்பினான்.